ரங்கூன், கொழும்பு படக் கார்டுகள் ஒரு ஆல்பம் நிறைய: மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

தேவகோட்டை_பேரன்:

வணக்கம். எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது. இரண்டாம் கட்டில் கிடந்த பெட்டகத்தைக் காலி செய்தபோது பேரேடுகளுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு ஆல்பம் கிடைத்தது. எங்கள் ஐயாவுடைய அப்பச்சி (தாத்தாவின் அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக (ஏஜென்டுக்கு அடுத்த நிலை ஆள்) இருந்தார், மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஊருக்கு வருவார், மறுபடி கப்பல் ஏறுவார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டதுதான், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆல்பத்தில் அறுபது சொச்சம் கார்டுகள். பாதிக்கு மேல் ரங்கூன்: சுவேடகோன் பகோடா மட்டும் ஏழெட்டு விதம், தேக்குக் கட்டையைத் தும்பிக்கையால் அடுக்குகிற யானை, ஸ்ட்ராண்ட் ரோடு, பெரிய சுருட்டோடு ஒரு பர்மாக்காரப் பெண். மற்றவை மதராஸ், கொழும்பு, பினாங்கு. நாலு மட்டும் புதுச்சேரி, அவற்றில் பிரெஞ்சு. சில கலரில் இருக்கின்றன, ஆனால் அது என்ன கலர் என்றே புரியவில்லை, மதராஸ் கடற்கரையில் நிற்கிற ஆட்களின் வேட்டி ரோஸ் நிறம். சில பளபளவென்று கறுப்பு வெள்ளை. ஒரு கார்டில் விபூதிப் பட்டையோடு ஒரு செட்டியார் நிற்கிறார், கீழே ஆங்கிலத்தில் "செட்டி" என்று மட்டும் போட்டிருக்கிறது. அது நம்ம ஆள்தான் என்று பங்காளி ஒருவர் சத்தியமே செய்கிறார்.

பக்கத்து ஊர் பழைய சாமான் கடைக்காரர் வந்து பார்த்தார். மொத்தமாக எட்டாயிரம் தருகிறேன் என்றார். அப்புறம் குரலை இறக்கி, தபால்தலையை மட்டும் வெட்டிக் கொடுத்தாலும் சரி என்றார். பங்காளிகளும் அதையே சொல்கிறார்கள், தலையை வெட்டி விற்றுவிட்டு அட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமாம்.

எனக்குத் தெரிய வேண்டியது: இவை அசல்தானா, பிற்காலத்தில் மறுபடி அச்சடித்ததா? எந்த வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி கார்டுகள் கறுப்புத் தாளில் ஒட்டியிருக்கின்றன, ஆவி காட்டி எடுக்கலாமா? எட்டாயிரம் நியாயமான விலையா?


பழைய_தபால்:

முதலில் ஒன்று. கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வையுங்கள்.

நான் தபால்தலை சேகரிப்பில் ஆரம்பித்துப் படக் கார்டுக்கு வந்தவன், அதனால் சொல்கிறேன். ஏழாம் எட்வர்டு தலை போட்ட அரையணாப் பச்சை, ஓரணாச் சிவப்பு எல்லாம் கோடிக்கணக்கில் அச்சானவை. அட்டையிலிருந்து வெட்டி எடுத்தால் அவற்றுக்குச் சல்லி விலைதான். அதே தலை அட்டையில் இருந்து, மேலே ரங்கூன் முத்திரை தெளிவாக விழுந்து, போய்ச் சேர்ந்த ஊர் முத்திரையும் இருந்தால் அது வேறு பொருள். அந்தக் காலத்தில் நம் நாட்டுத் தபாலில் புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர் இரண்டு முத்திரையும் குத்துவது சாதாரணம், கார்டு எத்தனை நாளில் தேவகோட்டை வந்தது என்று வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். கடைக்காரர் தலையை வெட்டச் சொல்கிறார் என்றால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

வருஷத்துக்கு வருவோம். மூன்று தேதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது: போட்டோ எடுத்தது, கார்டு அச்சானது, தபாலில் போனது. ஒரே கண்ணாடித் தட்டு நெகடிவை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கார்டு அடித்திருக்கிறார்கள், எனவே 1895 படம் 1912 முத்திரையோடு வருவது சகஜம்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்கம் முழுதும் முகவரிக்கு மட்டும், நடுவில் கோடு இல்லை என்றால் பழையது. அந்தக் கார்டுகளில் சேதி எழுத இடம் படத்தின் பக்கத்தில்தான், படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று முதலில் அனுமதித்தது பிரிட்டன், 1902-இல். பிரான்ஸ் 1904, ஜெர்மனி 1905, அமெரிக்கா 1907. அதற்குப் பிறகுதான் படம் அட்டை முழுக்க விரிந்தது.

அடுத்தது தலை. எட்வர்டு தலை என்றால் 1902-க்குப் பிறகு. தாடியோடு மகுடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911 கடைசிக்குப் பிறகு. பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் ரங்கூனிலிருந்து தேவகோட்டைக்குப் போனது உள்நாட்டுத் தபால், இந்தியத் தலைதான், காலணாக் கார்டு. அதாவது மூன்று பை. 1922-இல்தான் அது அரையணா ஆனது. வெளிநாட்டுக்கு ஓரணா. கொழும்பு தனிக் காலனி, பினாங்கு ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ், இரண்டிலும் தலையில் அணா இருக்காது, சென்ட்தான்.

மதராஸ் கார்டுகளுக்கு இன்னொரு சுகம் உண்டு, கட்டடமே காட்டிக் கொடுத்துவிடும். மூர் மார்க்கெட் தெரிந்தால் 1900-க்குப் பிறகு. விக்டோரியா ஹாலுக்கு அந்தப் பக்கம் ரிப்பன் மாளிகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் 1913-க்கு முன்னால். எழும்பூர் ஸ்டேஷன் இப்போதைய செங்கல் கட்டடமாகத் தெரிந்தால் 1908-க்குப் பிறகு. சாலை நடுவே டிராம் கம்பி ஓடினால் 1895-க்கு முன்னால் இருக்கவே முடியாது.

கார்டில் எங்காவது பொடி எழுத்தில் வெளியிட்டவர் பெயர் இருக்கும், அதைக் குறித்து இங்கே போடுங்கள். மதராஸ் என்றால் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் கிளைன். ரங்கூன் என்றால் டி. ஏ. அகுஜா, அல்லது பிலிப் கிளியர் என்ற ஜெர்மன்காரர், அவர் மோல்மேனில் தொடங்கி ரங்கூனுக்கு வந்து 1911-இல் இறந்தார். அகுஜா கார்டுகளில் தலைப்போடு ஒரு எண்ணும் இருக்கும்.


சிவகாசி_மை:

அசலா நகலா என்பதற்கு நான் வருகிறேன், பிழைப்பு ஆப்செட் அச்சகத்தில்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போதும். கார்டின் வானப் பகுதியைப் பாருங்கள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒரே சீரான இடைவெளியில் சின்னச் சின்ன ரோஜா வட்டமாக அணிவகுத்திருந்தால் அது பெரும்பாலும் எங்கள் ஆப்செட், அதாவது புதிது, தூக்கிப் போடலாம். அந்தக் காலத்துக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவினாற்போல் இருக்கும், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல், ஆறு ஏழு வண்ணம்கூட ஏற்றியிருப்பார்கள். கொலோடைப் என்று ஒரு முறை இருந்தது, அதில் புள்ளியே கிடையாது, ஜெலட்டின் காய்ந்து சுருங்கிய நெளிநெளியான மணல்தான் தெரியும். கறுப்பு வெள்ளையில் லென்ஸ் வைத்தும் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் சாம்பல் நிற ஏற்ற இறக்கம்தான் என்றால் அது அச்சே இல்லை, போட்டோத் தாளில் நேராக எடுத்த நிஜ போட்டோ. உங்கள் பளபளப்புக் கார்டுகள் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் பகுதிகளில் வெள்ளி போல மினுக்கம் தெரிகிறதா பாருங்கள், வயதான போட்டோவில் வெள்ளி மேலே வரும்.

இன்னொரு சோதனை, கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு. கடையில் இருக்கும், இரவல் கேளுங்கள். 1950-ஐ ஒட்டித்தான் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள், அந்தத் தாள் விளக்கில் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். உங்கள் அட்டை மங்கலாகவே கிடந்தால் நல்ல சகுனம். அளவும் பாருங்கள், பழையவை சுமார் 14 சென்டிமீட்டருக்கு 9.

ரோஸ் வேட்டிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். 1914 போருக்கு முன்னால் உலகத்துக் கலர் கார்டுகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் அச்சானது, சாக்சனி, பவேரியா பக்கம். இங்கிருந்து கறுப்பு வெள்ளைப் போட்டோ போகும், கூடவே ஒரு குறிப்பு போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அங்கே கல்லில் வண்ணம் பிரிக்கிறவர் மதராஸைப் பார்த்திருக்க மாட்டார். வேட்டி வெள்ளையாக இருந்தால் படம் எடுப்பாக இருக்காது என்று ரோஸ் போட்டிருப்பார். அந்த வேலைத்திறன் இன்றைக்கும் எங்களால் முடியாது, ஆனால் வண்ணத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே படம் ஒரு பதிப்பில் பகலாகவும் இன்னொன்றில் நிலா போட்டு இரவாகவும் வரும்! கார்டில் ஜெர்மனியில் அச்சிட்டது என்று இருந்தால் பெரும்பாலும் 1914-க்கு முந்தையது, போர் வந்ததும் அந்த வழி அடைபட்டுவிட்டது.


கொழும்புத்_துறை:

வணக்கம், கொழும்பிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இலங்கை அட்டைகளில் "பிளாட்டே" என்று பெயர் கிடக்கிறதா என்று பாருங்கோ. 1890-இல் தொடங்கிய படப்பிடிப்பு நிலையம், அந்தக் காலத்து இலங்கை அட்டைகளில் அவர்களுடையதுதான் எங்கும் அம்பிடும். ஸ்கீன் என்றும் ஒரு பெயர் வரும், அதுவும் நல்லது.

கொழும்பில் ஏன் இவ்வளவு அட்டை விற்றது என்றால், சூயஸ் வழியால் வரும் கப்பல் எல்லாம் இங்கே நின்று கரியும் தண்ணீரும் ஏற்றும். ஒஸ்ரேலியாவுக்குப் போகிறவர், சீனாவுக்குப் போகிறவர், மலாயாவுக்குப் போகிறவர் எல்லாரும் அரை நாள், ஒரு நாள் கரைக்கு வருவார்கள். துறைமுகத்துக்குக் கிட்டடியில் கிராண்ட் ஓரியன்ரல் ஹோட்டல், கோட்டைக்குள் கடைகள். கறுவாத்தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, காலிமுகத்தில் காற்று வாங்கி, ஐந்தாறு அட்டை எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பக் கப்பலேறுவார்கள். அதனால் இலங்கை அட்டைகளில் காட்சி திரும்பத் திரும்ப அதே: பக்கத்தில் மரம் கட்டிய ஓடம், கண்டித் தலதா மாளிகை, ஆற்றில் குளிக்கும் யானை, கொழுந்து பறிக்கும் பெண்கள்.

அந்தக் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கோ. கொழுந்து பறிக்கும் பெண்கள் என்றால் அனேகமாக உங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து வந்த தோட்டத்துச் சனங்கள். படத்தில் நகை போட்டு, நல்ல சேலை உடுத்தி, கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே "தமிழ்க் கூலி" என்று இருக்கும். எந்தத் தோட்டம் என்றுகூட இராது. இந்த அட்டையைப் பார்த்து ஆகா என்ன அழகு என்று எழுதுகிற ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் அட்டையை எறியச் சொல்லவில்லை, அந்தப் பெண்களின் முகம் இருக்கிற ஒரே தாள் சில வேளை அதுதான்.

உங்கள் பூட்டனார் கொழும்பு அட்டையை இங்கே வந்து வாங்கினாரா, ஆரும் அனுப்பியதா? 1914-இல் தலைமன்னார்க் கப்பல் தொடங்கும் வரை தூத்துக்குடியிலிருந்துதான் கொழும்புக்கு வழமையான பாதை. முத்திரை (தபால்தலை) ஒட்டாத வெறும் அட்டை என்றால் கையோடு கொண்டுவந்தது.


மொத்த_வியாபாரி:

நான் விற்கிறவன். எல்லாரும் கடைக்காரரைத் திட்டுகிறீர்கள், கொஞ்சம் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள். அறுபது கார்டில் நாற்பது எங்களுக்கு வருஷக்கணக்கில் பெட்டியில் கிடக்கும். சுவேடகோன் பகோடா உலகத்தில் எங்கு போனாலும் கிடைக்கிறது, மரம் தூக்கும் யானையும் அப்படியே. பெரிய கோயில், பெரிய கட்டடம், பெரிய பகோடா எல்லாம் மலிவு, ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள்.

விலை போவது வேறு. சின்ன ஊர், கடைத்தெரு, ரயில் ஸ்டேஷன், ஆட்கள் நிற்கிற தெரு, பெயர்ப்பலகை படிக்கக்கூடிய கடை. அதுவும் நிஜ போட்டோவாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவை கொஞ்சமாகத்தான் போட்டிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸில் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதே, அது சம்பந்தமான போட்டோக் கார்டு இருந்தால் எட்டாயிரம் பேச்சையே எடுக்காதீர்கள். மூலை மழுங்காமல் இருக்க வேண்டும், மடிப்பு இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சி அரித்தது பாதி விலைக்கும் கீழே.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மொத்தமாகக் கொடுக்க மாட்டேன். நல்லது பத்தை எடுத்துக்கொள்ளத்தான் மீதி ஐம்பதையும் சேர்த்துக் கேட்பார், அதுதான் எங்கள் தொழில். வெளிநாட்டு ஆளுக்கு விற்பதாக இருந்தால் முன்கூட்டியே தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், நூறு வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருள்களை ஏற்றுமதி செய்ய 1972 சட்டம் தடுக்கிறது.


தேவகோட்டை_பேரன்:

எல்லாருக்கும் நன்றி. கத்தரிக்கோல் பரணுக்குப் போய்விட்டது.

லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். கலர்க் கார்டுகளில் புள்ளிகள் தூவினாற்போலத்தான் இருக்கின்றன, பளபளப்பானவை பதினொன்றிலும் புள்ளி இல்லை. ரங்கூன் கார்டுகள் பலவற்றில் அகுஜா பெயரும் எண்ணும் இருக்கிறது.

ஒட்டாத கார்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எட்வர்டு தலை, சாம்பல் நிறம். எழுத்து கணக்கப்பிள்ளை எழுத்து, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன், அவர் மடமடவென்று படித்தார். மேலே "சௌமிய௵ ஆடி௴ 22௳" என்று இருக்கிறதாம், அதாவது சௌமிய வருஷம் ஆடி மாதம் 22-ஆம் தேதி. இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும், மழை பலம், உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) அனுப்பியது வந்து சேர்ந்ததற்குப் பதில் இல்லை, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்களா. கடைசியில், படத்தில் உள்ளது இவ்விடத்துப் பகோடா, கோயில் மாதிரி, மேலே முழுதும் தங்கம், ஆச்சிக்குக் காட்டவும். அவ்வளவுதான். இதில் எந்த வருஷம் என்று எப்படி எடுப்பது?


பழைய_தபால்:

எடுத்தாகிவிட்டது. சௌமிய வருஷம் 1909 ஏப்ரல் முதல் 1910 ஏப்ரல் வரை. ஆடி 22 என்றால் 1909 ஆகஸ்ட் 6-ஐ ஒட்டி. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும், அதற்கு முந்தைய சௌமிய 1849, அடுத்தது 1969, நடுவில் எட்வர்டு தலை இருப்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. சாம்பல் தலை மூன்று பை, அதாவது காலணா, கட்டணமும் சரியாக இருக்கிறது. ரங்கூனில் ஆகஸ்டில் மழை கொட்டும், அதுவும் ஒத்துப்போகிறது. முத்திரையை லென்ஸில் பாருங்கள், அதிலும் இந்தத் தேதி இருக்கும். மற்ற கார்டுகளுக்கும் கீலக என்றால் 1908, சாதாரண என்றால் 1910, விரோதிகிருது 1911, பரிதாபி 1912, ஆனந்த 1914 என்று வைத்துக்கொண்டு படியுங்கள். எல்லாம் சித்திரையில் தொடங்கும், தை, மாசி, பங்குனி வந்தால் ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் ஒரு கருத்துச் சொல்கிறேன், வியாபாரி நண்பர் கோபிக்க வேண்டாம். அந்தக் காலத்துப் படக் கார்டு என்று சந்தைக்கு வருவதில் நான் பார்த்த அளவில் பெரும்பகுதி வெள்ளைக்காரர் வெள்ளைக்காரருக்கு எழுதியது. வெயில் தாங்கவில்லை, கப்பல் நாளைக்குப் புறப்படுகிறது, அத்தைக்கு அன்பு, இப்படி. அகுஜா கார்டு ஒன்றை ஒரு செட்டிநாட்டு அடுத்தாள் வாங்கி, பகோடாவை வீட்டு ஆச்சிக்குக் காட்டச் சொல்லித் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறார் என்றால் அது நூறு பகோடாக் கார்டில் ஒன்றல்ல. படம் எங்கும் கிடைக்கும், இந்தச் சேதி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எழுதிய கார்டுகள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதாத பகோடாக்களை வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள்.


மொத்த_வியாபாரி:

கோபமில்லை. தமிழ் எழுத்து இருந்தால் வெளிநாட்டுக்காரர் விலையைக் குறைப்பார், அவருக்குப் படிக்க வராது. அதனால் வைத்துக்கொள்வதில் உங்களுக்கு நஷ்டமும் இல்லை.


புதுவை_வாசி:

புதுச்சேரிக் கார்டு நாலும் என்ன படம்? அரசு சதுக்கம், டூப்ளே சிலை, கடற்பாலம், இந்த மூன்றும்தான் சாதாரணமாக வரும். தலை படத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறதா? பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, சேகரிப்பவர் படப் பக்கத்தைத்தான் ஆல்பத்தில் வைப்பார், தலையும் முத்திரையும் அங்கேயே தெரியட்டும் என்று ஒட்டுவார்கள். யாரோ தப்பாக ஒட்டியது என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். அப்புறம் முத்திரையில் பாக்கெபோ என்று இருந்தால் கப்பலிலேயே தபால் பெட்டியில் போட்ட கார்டு, அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.


வைகைக்கரை:

அந்த "செட்டி" கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. பங்காளி சத்தியம் செய்கிறார் என்றீர்கள், நம்ப வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்தக் காலத்தில் "இன்ன சாதி, இன்ன தொழில்" என்று ஒரு வரிசையே போட்டு விற்றார்கள்: டோபி, ஆயா, பாம்பாட்டி, தோடர், நடனப் பெண், செட்டி. ஸ்டூடியோவில் திரை கட்டி ஒரு ஆளை நிறுத்தி எடுப்பார்கள், பெயர் போட மாட்டார்கள், சாதியையோ தொழிலையோ போடுவார்கள். வெளியூரான் வாங்கி "இங்கே இப்படி ஒரு ஜனம் இருக்கிறது" என்று ஊருக்கு அனுப்ப வேண்டும், அதுதான் வியாபாரம். கடைவீதியில் கூப்பிட்ட யாராகவும் அவர் இருக்கலாம், உண்மையில் செட்டியாராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை.

ஆனால் உங்கள் ஐயாவுடைய அப்பச்சி அதையும் காசு கொடுத்து வாங்கி ஆல்பத்தில் சேர்த்திருக்கிறாரே, அவருக்கு அதைப் பார்த்துக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாரா?


தாள்_வைத்தியர்:

ஆவி காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம், நான் ஆவணக் காப்பு வேலையில் இருப்பவன். பழைய கார்டுகளில் எழுத அழியாப் பென்சில் ஒன்று புழக்கத்தில் இருந்தது, காய்ந்திருக்கும்போது சாம்பலாகத் தெரியும், ஈரம் பட்டதும் ஊதாவாகி ஓடும். ஒரு முறை ஓடிவிட்டால் அப்பச்சியின் எழுத்து போனது போனதுதான். போட்டோக் கார்டில் மேலே இருப்பது ஜெலட்டின், ஆவியில் இளகி எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஆல்பத்தை அப்படியே பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், எந்தக் கார்டு எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு ஒட்டியிருக்கிறதா, மூலை செருகியிருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் கால ஆல்பங்கள் பலவற்றில் தாளில் கீறல் போட்டு மூலையைச் செருக வைத்திருப்பார்கள், நூறு வருஷத்தில் இறுகிப்போய் ஒட்டியது போலத் தெரியும், லேசாக வளைத்தாலே கழன்று வரும். உண்மையிலேயே பசை போட்டு ஒட்டியது என்றால் விட்டுவிடுங்கள். பின்பக்கம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கார்டைப் பிரிக்காமல் கறுப்புத் தாளை மட்டும் கார்டைச் சுற்றி வெட்டி, தாளோடு ஒரு காப்பாளரிடம் கொண்டுபோங்கள்.

லேமினேஷன் வேண்டாம், செல்லோ டேப் வேண்டாம், போட்டோக் கார்டைக் கண்ணாடியில் படும்படி பிரேம் போட வேண்டாம். உறை வாங்கினால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன், பிவிசி உறை வாடை அடிக்கும், அதைத் தொடாதீர்கள். அந்துருண்டையை மேலேயே போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதுவும் கூடாது. இரும்பு பீரோவில் தரையிலிருந்து உயரமாக, வெளிச் சுவரை ஒட்டாமல் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை திறந்து பாருங்கள்.


தேவகோட்டை_பேரன்:

ஒட்டியவை என்று நினைத்ததில் முக்கால்வாசி மூலை செருகியதுதான், கழன்றுவிட்டன. "செட்டி" கார்டின் பின்னால் ஒன்றும் எழுதவில்லை, தலையும் இல்லை. பங்காளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கைப் பார் என்கிறார்.

மொத்தம் இருபத்தேழு கார்டில் தமிழில் எழுதியிருக்கிறது, கீலக முதல் ஆனந்த வரை வருகிறது. அவற்றை விற்பதில்லை என்று எல்லாரையும் சம்மதிக்க வைத்தாயிற்று, ஆனால் யார் வீட்டில் வைப்பது என்பதில் இப்போது புதுச் சண்டை. எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டால் தீரும் என்று பார்க்கிறேன். போனில் படம் எடுத்தால் போதுமா?


பழைய_தபால்:

போன் போதாது, ஓரம் வளையும், பென்சில் எழுத்து தெரியாது. தட்டையான ஸ்கேனரில் 600 டிபிஐ, முன்னும் பின்னும், வெறும் பின்பக்கமாக இருந்தாலும் சரி. ஓரத்தை வெட்டாமல் கொஞ்சம் வெளியிடம் விட்டு எடுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண், அதைக் கார்டில் எழுதாமல் உறையில் எழுதுங்கள்.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் சேர்த்த நூல்களில் தொடங்கியதுதான் அது, செட்டிநாட்டுத் தாள் என்றால் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அசலை வைத்துக்கொண்டு பிரதி மட்டும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.


கொழும்புத்_துறை:

இலங்கை அட்டைகளின் பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பலாம், இணையத்தில் எண்ணிம நூலகம் நடத்துகிறார்கள். கொழுந்து பறிக்கும் அட்டை இருந்தால் எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ, பின்னால் மலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், எந்தப் பகுதி என்று எங்கட ஆட்கள் சிலர் மலையை வைத்தே சொல்லுவார்கள்.